கார் யாருடையது என்று கேள்

அன்பு மகளுக்கு,

சித்திரை பிறக்கப் போகிறது. பொன்னமராவதிப் பக்கமும் கீரனூர்ப் பக்கமும் திருவிழா நோட்டீஸ் அச்சாகும் நேரம். பட்டிமன்ற நடுவர் உன்னைத் தம் அணியில் சேர்த்துக்கொண்டார் என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. கூடவே, பேச்சுக்குத் தரும் பணத்தைப் பற்றி, "கவர் வாங்கலாமா அய்யா?" என்றும் கேட்டிருந்தாய். வருவாய் ஆய்வாளர் வேலையும் பார்த்துக்கொண்டு பட்டிமன்ற மேடையும் ஏறுகிறவர்கள் இப்படிக் கேட்பது அபூர்வம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் முடித்துவிடலாம். உன்னைக் கட்டுப்படுத்துவது தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973. மத்திய அரசு ஊழியர்களுக்கு 1964-ஆம் ஆண்டின் விதிகள். ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கு 1968-இல் வந்தவை. மத்திய விதிகளில் ஒரு நுட்பம் இருக்கிறது. இலக்கியம், கலை, அறிவியல் சார்ந்து எப்போதாவது ஒரு வேலை செய்ய முன் அனுமதி வேண்டியதில்லை. ஆனால் அதற்குக் கட்டணம் வாங்குவதென்றால் அனுமதி வேண்டும். பணியில் கற்ற அறிவைக் கொண்டு சம்பாதித்தால், ஒரு வரம்புக்கு மேற்பட்ட கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு கருவூலத்துக்குப் போக வேண்டும் என்றும் வைத்திருக்கிறார்கள். நீ மாநில ஊழியர்தான். இருந்தாலும் இந்தப் பாகுபாட்டை மனத்தில் வைத்துக்கொள். கம்பனைப் பேசும்போது நீ பேச்சாளர். தனியார் பயிற்சி மையத்தில் பட்டா மாறுதல் நடைமுறையைப் பாடமாக எடுத்தால் நீ வருவாய் ஆய்வாளர். அதற்கு அரசு ஏற்கெனவே சம்பளம் தருகிறது. பணத்துக்காக அங்கே போகாதே.

நீ கவரைப் பற்றிக் கேட்டாய். எனக்குக் கவலை காரைப் பற்றித்தான். கவரில் என்ன இருக்கிறது என்பது எண்ணினால் தெரிந்துவிடும். அனுமதி வாங்கலாம், கணக்கில் காட்டலாம், வேண்டாமென்றால் திருப்பித் தரலாம். வாசலில் வந்து நிற்கும் காரையும், திருச்சியில் போட்டுத் தரும் ஓட்டல் அறையையும் யாரும் வருமானமாக நினைப்பதில்லை. "வந்து போகிற செலவுதானே" என்று விட்டுவிடுகிறோம். விதி அப்படி விடவில்லை. உத்தியோகத் தொடர்பில்லாத நெருங்கிய உறவினரோ நண்பரோ அல்லாத ஒருவர் தரும் இலவசப் போக்குவரத்து, சாப்பாடு, தங்குமிடம் எல்லாமே அன்பளிப்புக் கணக்குத்தான் என்று மத்திய விதிகள் விளக்கமே கொடுக்கின்றன. வழியில் ஏற்றிக்கொண்டு போவதும், எப்போதோ ஒரு வேளை சாப்பிடுவதும் அதில் சேராது. அந்த அளவுக்கு நியாயம் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள்.

நம் மாவட்டத்தில் இது ஏன் வெறும் சம்பிரதாயம் இல்லை என்று உனக்குத் தெரியும். திருவிழாச் செலவில் பெரிய பங்கைப் பல ஊர்களில் ஏற்பது குவாரிக்காரர்களும் கிரஷர்காரர்களும்தான். நோட்டீஸில் 'உபயம்' என்று அவர்கள் பெயர் கொட்டை எழுத்தில் வரும். அதே ஆளுடைய நிலத்தின் எல்லையைப் பற்றிய அறிக்கை நாளைக்கு உன் மேசைக்கு வரும். 2025 ஜனவரியில் திருமயம் அருகே, சட்டவிரோதக் குவாரிகளைப் பற்றி விடாமல் புகார் கொடுத்துவந்த ஒருவர் லாரி மோதி இறந்தார். கொலை வழக்காகிக் குவாரி உரிமையாளர்களே கைதானார்கள். அப்படிப்பட்ட தொழில் நடக்கும் வட்டாரத்தில் உத்தியோகம் பார்க்கிறாய். காரை அனுப்புகிறவர் உன்னிடம் ஒன்றும் கேட்கமாட்டார். கேட்கத் தேவையில்லை, கோயில் வாசலில் நீ இறங்குவதை ஊரே பார்த்துவிடும். நாளைக்கு அவர்மேல் மனு கொடுக்க நினைக்கும் விவசாயியும் பார்ப்பார்.

1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 11-ஆவது பிரிவில் இதைத்தான் பிடிக்கிறது. அலுவலகத்தில் காரியம் உள்ளவரிடமோ, காரியம் வரக்கூடியவரிடமோ உரிய விலை தராமல் ஆதாயம் பெற்றால் குற்றம். பதிலுக்கு அவருக்கு எதையும் செய்துகொடுத்திருக்க வேண்டும் என்பதில்லை.

நீ பெண். பட்டிமன்றம் முடிய நள்ளிரவு தாண்டும். அதற்குமேல் பஸ் கிடையாது. "பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வா" என்று உபதேசம் செய்ய எனக்கு மனமில்லை. அப்படிச் சொல்லும் ஆண்கள் இரவு ஒரு மணிக்குப் பேருந்து நிலையத்தில் தனியாக நின்று பார்க்கட்டும். வண்டி வேண்டும் என்று முன்கூட்டியே கேள். விழாக்குழு வாடகைக்கு எடுத்த வண்டியாக இருக்கட்டும். நடுவரும் மற்ற பேச்சாளர்களும் வரும் வேனாக இருந்தால் இன்னும் நல்லது. யாருடைய வண்டி என்று கேட்கக் கூச்சப்படாதே. உன் குறுவட்டத்துக்குள் மனு நிலுவையில் உள்ளவருடையது என்றால் உன் காசில் டாக்சி பிடி. அதுவும் கட்டாதென்றால் அந்த ஊருக்குப் போகாதே. உன் குறுவட்டத்துக்குள் கட்டணத்துக்குப் பேசுவதே வேண்டாம் என்பது என் கட்சி. விதி அவ்வளவு தூரம் போகச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த எழுத்தாளர் இறையன்புவை நீ மேடையில் கேட்டிருப்பாய். 2021-இல் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் ஆனதும், தாம் அந்தப் பதவியில் இருக்கும்வரை எந்தத் திட்டத்திலும் தம் நூல்களை வாங்கக் கூடாது என்று பள்ளிக் கல்வித்துறைக்குக் கடிதம் எழுதினார். மாவட்டங்களுக்கு ஆய்வுக்குப் போகையில் தடபுடல் விருந்து வேண்டாம், எளிய உணவு போதும் என்று ஆட்சியர்களுக்கும் எழுதினார். நூல்கள் அவர் உழைத்து எழுதியவை, விற்றால் தவறில்லை. ஆனால் வாங்குகிறவர் நூலுக்காக வாங்குகிறாரா நாற்காலிக்காக வாங்குகிறாரா என்று பிரித்தறிய முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. யாரும் சொல்லும் முன்பே அவர் எழுதிவிட்டார் பார், அதுதான் எனக்குப் பிடித்தது.

அதற்காக அரசு ஊழியர் வாயே திறக்கக் கூடாது என்று நினைக்கிறவன் இல்லை நான். அமெரிக்காவில் 1989-இல் ஒரு சட்டம் போட்டு, அரசு ஊழியர் யாரும் பேச்சுக்கோ கட்டுரைக்கோ பணம் வாங்கக் கூடாது என்றார்கள். வழக்குக்குப் போனவர்களில் குவேக்கர் சமயம் பற்றிச் சொற்பொழிவாற்றிய ஒரு தபால் ஊழியரும் இருந்தார். 1995-இல் உச்ச நீதிமன்றம் கீழ்நிலை ஊழியர்களுக்கு அந்தத் தடை செல்லாது என்றது. தபால் பிரிப்பதற்கும் அவர் பேசிய சமயத்துக்கும் என்ன தொடர்பு? நீ கம்பனைப் பேசுவதும் அப்படித்தான். பணம் தருகிறவருக்கும் உன் மேசைக்கும் தொடர்பில்லாதவரை.

இன்னும் இரண்டு சில்லறை விஷயம். நோட்டீஸிலும் ஃப்ளெக்ஸிலும் உன் பெயருக்குப் பக்கத்தில் பதவியைப் போட வேண்டாம் என்று சொல்லிவிடு. அச்சாகும் முன் ஒரு பிரதி வாங்கிப் பார். வேலை நாளில் பேசப் போனால் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. அலுவலகப் பயணம் என்று எழுதி அரசிடம் பயணப்படியும், விழாக்குழுவிடம் வழிச்செலவும் ஒரே பயணத்துக்கு வாங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மேடையில் அறத்தைப் பற்றி உரக்கப் பேசுகிறவர்களும் அவர்களில் உண்டு.

பொன்னமராவதியில் நீ பேசப் போகும் நிகழ்ச்சிக்கு அனுமதி கேட்டு மனு எழுதிவிடு. நாள், ஊர், நடத்துபவர் யார், தருவதாகச் சொன்ன தொகை, வண்டிச் செலவு யாருடையது, எல்லாம் அதில் இருக்கட்டும். தாசில்தார் வழியாக இந்த வாரமே அனுப்பு. அனுமதி வரத் தாமதமானால் சால்வையோடு திரும்பி வா, கவர் வேண்டாம்.