வட்டியில்லாத் தவணையில் பிரிட்ஜ்

பங்குனி வெயிலுக்குப் போளூர்க் கடைகளில் பால், குளிர்பானம் வைக்க பிரிட்ஜ் தேவைப்படுகிறது. விலை 24,000, மாதம் 2,000 வீதம் 12 தவணை, வட்டியில்லை என்பார்கள். முதலில் ரொக்க விலை கேளுங்கள். 22,800க்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். தவணைக்குப் பரிசீலனைக் கட்டணம் 600 வேறு. ஆக, நாம் கூடுதலாகக் கொடுப்பது 1,800. அசல் மாதாமாதம் குறைவதால் ஆண்டில் சராசரியாக நம்மிடம் நிற்கும் கடன் சுமார் 12,000தான். அப்படியானால் நூற்றுக்கு ஒன்றேகால் வட்டி! வட்டியில்லாக் கடன் என்பதே கிடையாது என்று 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கியே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது.

அதற்காகத் தவணையே கூடாதென்பதில்லை. ஜவ்வாது மலைப் புளி இறங்கும் சமயத்தில் கைரொக்கத்தை பிரிட்ஜில் முடக்கிவிட்டு, சரக்குப் பிடிக்க வெளியில் கடன் கேட்டால் ஒன்றேகால் வட்டிக்கு யார் கொடுப்பார்கள்?