வேலியைப் பகுத்த பேரெண்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழன் காலத்தே, 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பெற்ற சாசனங்களைக் குடவோலை பற்றியே பலரும் போற்றுவர். அவற்றுட் கணிதம் பயில்வார்க்கும் ஒரு செய்தி உளது. பிற தகுதிகளோடு, கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் உடையான் பெயரே குடத்தில் இடப்பெறும். வேதமும் பாடியமும் வல்லானுக்கு அரைக்கால் வேலியே அமையும். ஆகவே ஒருவன் வாரியத்தில் அமர்தல் ஒரு பின்னத்தைப் பற்றி நின்றது. அப்பின்னத்தைச் சோழர் எத்துணை நுட்பமாகக் கணக்கிட்டனர்?

முதலாம் இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில், ஒரு வேலியின் 5242,88,00,000-இல் ஒரு கூறு வரையில் நிலம் குறிக்கப்பெற்றுள்ளதென ஆராய்ச்சியாளர் காட்டுவர். பிற்காலத் தஞ்சை வேலி ஏறத்தாழ ஆறேமுக்கால் ஏக்கருக்குச் சற்றுக் குறைந்தது. அவ்வளவினைக் கொள்ளின், இக்கூறு ஒரு சதுர அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கினும் சிறிது. எறும்பு நிற்கவும் இடம் போதாது! எக்கோலும் இதனை அளந்திராது. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு முதலியவற்றைக் கழித்து எஞ்சிய நிலத்திற்கே இறை விதித்தனர். அக்கணக்கில் விளைந்த எச்சத்தை எறியாது எழுதினர் என்பதே எமது கருத்து.

இனி அவ்வெண்ணின் இயல்பைக் காண்போம். முந்திரி என்பது 1/320. அதனை மீண்டும் 320 கூறிடின் கீழ்முந்திரி, அஃதாவது 1/1,02,400. இங்ஙனம் 320-ஐ நான்கு முறை வைத்துப் பெருக்கி, வந்ததை 5-ஆற் பெருக்க, நமது பேரெண் தோன்றும். அதனுள் 24 இரண்டுகளும் 5 ஐந்துகளும் அன்றி வேறு பகா எண் இல்லை. எனவே அதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் 25 × 6 = 150. இது பெருந்தொகை போலத் தோன்றும். ஆயின் கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுசன், வகுக்கும் எண்கள் மிக்க எண்களை ஆராய்ந்து 1915-இல் வெளியிட்ட கட்டுரையின்படி நோக்கின், 1,66,320 என்னும் சிற்றெண்ணுக்கே அவை 160 ஆகும். பேரெண்ணில் இல்லாத 3, 7, 11 என்பன அதனுள் அடங்கியமையே காரணம்.

மூன்று இல்லாத குறை பாகப்பிரிவினையில் வெளிப்படும். ஒரு வேலியை மைந்தர் மூவர்க்குப் பகுப்போம். தலைக்கு 106 முந்திரி, எஞ்சுவன 2. கீழ்முந்திரிக்கு இறங்கின் தலைக்கு 34,133, எஞ்சுவது 1. பேரெண்ணின் இலக்கங்களைக் கூட்ட 29 வரும். ஆதலின் ஆங்கும் 2 எஞ்சும். எத்துணை இறங்கினும் எச்சம் ஒழியாது. அறுபதை அடியாகக் கொண்ட பாபிலோனியர்க்கு இவ்விடர் இல்லை. அவர்க்கு ஏழே இடறிற்று.

மைந்தர் நால்வராயின் தலைக்கு 1310,72,00,000 கூறுகள். எச்சம் சிறிதும் இல்லை. ஆயினும் உத்திரமேரூர்ச் சாசனம் வேண்டுவது கால் வேலிக்கு மேற்பட்ட நிலம். எச்சத்தோடு பிரிந்த மூவரும் அவ்வளவைக் கடப்பர். செம்மையாகப் பிரிந்த நால்வரோ, ஒவ்வொருவரும் ஒரே ஒரு கூறு குறைந்து, குடத்திற்குப் புறத்தே நிற்பர்.