சம்பளச் சீட்டும் ஒரு பாடநூலே



ஒவ்வோர் ஆண்டும் ஆறாம் ஆண்டு மாணவர்கள் பள்ளியை விட்டுப் பிரியும் வேளையில், "நீ வளர்ந்து என்னவாக வர விரும்புகிறாய்?" என்று கேட்பது நம் வழக்கம். மருத்துவர், வழக்கறிஞர், பொறியியலாளர், ஆசிரியர், காவல் அதிகாரி என விடைகள் மணிமணியாய் வரும். கேட்கும் நமக்கும் நெஞ்சு குளிரும். ஆனால், "அதற்கு எத்தனை ஆண்டுகள் படிக்க வேண்டும்? எந்தெந்தப் பாடங்களில் தேற வேண்டும்? எவ்வளவு பணம் தேவை? அப்பணம் எங்கிருந்து வரும்?" என்று அடுத்த வினாக்களைத் தொடுத்தால் வகுப்பு அமைதியாகிவிடும். பிள்ளைகள்மேல் குற்றமில்லை. முதல் வினாவை ஆண்டுதோறும் கேட்டுவந்த நாம், அடுத்த வினாக்களுக்கு விடை காணக் கற்றுத்தரவில்லை என்பதே உண்மை.

இக்குறையைப் போக்கும் பொருட்டு, நம் பள்ளியில் பயின்று இப்பொழுது இடைநிலைப் பள்ளியில் ஒன்றாம் படிவம் முதல் ஐந்தாம் படிவம் வரை படிக்கும் முன்னாள் மாணவர்களுக்காக, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் துணையுடன் இரண்டு சனிக்கிழமைகளில் ஒரு பட்டறை நடத்தினோம். அதில் கற்பித்தவற்றையும் நாம் கற்றுக்கொண்டவற்றையும் இம்மலரின் வாயிலாக யாவரும் அறியத் தருகிறோம்.

இரு மௌனங்கள்

பட்டறைக்கு வித்தாக அமைந்த நிகழ்ச்சியை முதலிற் கூறுதல் வேண்டும். நம் மாணவன் ஒருவன் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எஸ்.பி.எம். தேர்வில் நல்ல தேர்ச்சி பெற்றான். டிப்ளோமா படிக்க இடமும் கிடைத்தது. பதிவுக்கும் முதற் பருவக் கட்டணத்திற்கும் விடுதிக்குமாக ஏறத்தாழ ஈராயிரம் வெள்ளி தேவைப்பட்டது. கடிதம் வந்த இரவு தந்தை எதுவும் பேசவில்லை. வட்டிக்கு வாங்குவதா, யாரிடம் போய்க் கேட்பது என்று தமக்குள்ளேயே புழுங்கினார். அவர் முகத்தைப் பார்த்த மகன், "எனக்குப் படிக்க விருப்பமில்லை, அப்பா" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமே பட்டணத்துக் கிடங்கு ஒன்றில் மூட்டை அடுக்கும் வேலைக்குப் போய்விட்டான்.

மகனுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்று தந்தை நம்பினார். வீட்டில் பணமே இல்லை என்று மகன் நம்பினான். இருவர் நம்பியதும் பிழை. தந்தையின் சம்பளத்திலிருந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிடிக்கப்பட்ட ஊழியர் சேம நிதிப் பணம் இருந்தது. பிள்ளையின் டிப்ளோமாக் கல்விக் கட்டணத்திற்காக அந்நிதியின் இரண்டாம் கணக்கிலிருந்து பணம் எடுக்க அன்றே விதி இடமளித்திருந்தது. அவ்வீட்டில் எவரும் அதனை அறியார். நாம் அறிந்திருந்தோம். ஆனால் அவர்கள் கேட்கவுமில்லை, நாம் தேடிச் சென்று சொல்லவுமில்லை.

அந்த இளைஞர் தம் மகளை முதலாம் ஆண்டில் சேர்க்க வந்த நாளில்தான் இவற்றையெல்லாம் நம்மிடம் கூறினார். விழுக்காட்டுக் கணக்கை அவருக்குக் கற்பித்தவர் நாமே. பாடநூலிலிருந்த எல்லாக் கணக்குகளையும் பிழையறப் போட்ட மாணவர் அவர். ஆயினும் தந்தையின் சம்பளச் சீட்டை அவர் ஒருநாளும் கண்டதில்லை. காட்டச் சொல்ல நமக்கும் தோன்றியதில்லை. அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

முதற் சனிக்கிழமை: தொழிலை அறிதல்

பட்டறைக்கு வருமுன் மாணவர் ஒவ்வொருவரும் உழைக்கும் ஒருவரைக் கண்டு நான்கு வினாக்களைக் கேட்டு எழுதி வர வேண்டும் என்று பணித்திருந்தோம். நாள்தோறும் என்ன வேலை செய்கிறீர்கள்? அதனை எங்கே, எத்தனை காலம் கற்றீர்கள்? அதற்கு என்ன சான்றிதழ் வேண்டும்? அவ்வேலையில் கடினமானது எது?

மாணவர்கள் கொண்டுவந்த விடைகள் நமக்கே வியப்பளித்தன. தோட்ட வேலை என்றால் செம்பனைக் குலை வெட்டுவதும் உதிரிப் பழம் பொறுக்குவதுமே என்று எண்ணியிருந்தவர்கள், கூப்பிடு தூரத்திலுள்ள எண்ணெய் ஆலைக்குள் இத்தனை தொழில்கள் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தனர். அங்கே கொதிகலனை இயக்குபவர் அரசாங்கத்தின் தகுதிச் சான்றிதழ் பெற்றவராக இருத்தல் வேண்டும். மின்சாரப் பகுதிக்குப் பொறுப்பான சார்ஜ்மேன் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் உடையவர். ஆய்வுக்கூடத்தில் எண்ணெயின் தரத்தைச் சோதிப்பவர் ஒருவர். எடை மேடையில் லாரிகளின் எடையைக் கணக்கெழுதுபவர் மற்றொருவர். இவர்களுள் எவரும் பிறக்கும்போதே இத்தொழிலை அறிந்து பிறந்தவரல்லர். பயிற்சி பெற்றார்கள், தேர்வு எழுதினார்கள், தேறினார்கள்.

அடுத்து, படிப்பின் பாதைகளைக் கரும்பலகையில் கிளைவிட்ட மரம்போல் வரைந்து காட்டினோம். மூன்றாம் படிவத்திற்குப் பின் தொழிற்கல்லூரியில் சேர விண்ணப்பிக்கலாம். எஸ்.பி.எம். முடித்தபின் ஆறாம் படிவம், மெட்ரிகுலேஷன், பாலிடெக்னிக் ஆகியவை உண்டு. கைத்திறன் மிக்கவர்க்குத் திறன் பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன. அங்கே மலேசியத் திறன் சான்றிதழ் மூன்று நிலைகளிலும், அதற்கு மேல் திறன் டிப்ளோமா, உயர் திறன் டிப்ளோமா ஆகியனவும் பெறலாம். ஏட்டுப் படிப்பில் பின்தங்கியவனுக்கு வாழ்வே இல்லை என்பது அறியாமை.

ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொன்னோம். எஸ்.பி.எம். தேர்வில் மற்றப் பாடங்களில் எவ்வளவு சிறந்து விளங்கினாலும், மலாய் மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாதவர்க்குச் சான்றிதழ் கிடையாது. வரலாற்றில் கட்டாயத் தேர்ச்சி என்னும் விதி 2013-ஆம் ஆண்டு முதல் நடப்பிலுள்ளது. "வரலாறு எனக்கு எதற்கு? நான் மின்சாரம் பழுதுபார்க்கத்தானே போகிறேன்!" என்ற மாணவன், இதனைக் கேட்டபின் தன் புத்தகத்தைத் தேட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே வீட்டுக்குப் போனான்.

இரண்டாம் சனிக்கிழமை: வரவும் செலவும்

அன்று ஒரு மாதிரிச் சம்பளச் சீட்டைப் பலகையில் எழுதினோம். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025-ஆம் ஆண்டில் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அத்தொகையையே எடுத்துக்கொண்டோம். தொழிலாளியின் பங்காக 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி, ஊழியர் சேம நிதிக்குச் செல்கிறது. சொக்சோ முதலியவற்றுக்கு ஒரு சிறு தொகை பிடிக்கப்படும். கையில் கிடைப்பது ஏறத்தாழ 1,500 வெள்ளி.

"பிடித்துக்கொண்ட பணம் போயிற்றா?" என்று கேட்டோம். "போயிற்று" என்றனர் பலர். இல்லை. முதலாளி தம் பங்காக மேலும் 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி, சேர்த்துச் செலுத்துகிறார். ஆக மாதம் 408 வெள்ளி தொழிலாளியின் பெயரிலேயே சேர்கிறது. 2024-ஆம் ஆண்டு மே மாதம் முதல், 55 வயதுக்குட்பட்டோரின் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிக்கப்படுகிறது. ஓய்வுக்காலக் கணக்குக்கு 75 விழுக்காடு. நல்வாழ்வுக் கணக்குக்கு 15 விழுக்காடு. நெகிழ்வுக் கணக்குக்கு 10 விழுக்காடு. பிள்ளைகளின் உயர்கல்விக் கட்டணத்திற்கு, விதிகளுக்குட்பட்டு, நல்வாழ்வுக் கணக்கிலிருந்து எடுக்கலாம். 408 வெள்ளியில் 15 விழுக்காடு 61 வெள்ளி 20 காசு. ஓராண்டில் 734 வெள்ளி 40 காசு. பத்தாண்டுகளில், இலாப ஈவைச் சேர்க்காமலே, 7,344 வெள்ளி. இக்கணக்கை ஒரு மாணவி பலகையில் போட்டு முடித்தபோது, பின்வரிசையில் அமர்ந்திருந்த பெற்றோர் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

எனினும் இது முதுமைக் காலத்துக்கென வைத்த பணம் என்பதை மறத்தலாகாது. வேறு வழியிருக்கையில் அதனைத் தொடுதல் அறிவுடைமையன்று. வழி இருக்கிறது என்று அறிந்திருப்பதே இங்கு வேண்டுவது.

பின்னர் மாணவர்களையே வேலைக்குச் சேர்ந்த இளைஞர்களாக்கி, 1,500 வெள்ளியில் ஒரு மாதம் வாழச் சொன்னோம். அறை வாடகை 350, உணவு 450, போக்குவரத்து 200, தொலைபேசி 50, வீட்டுக்கு அனுப்புவது 200. மொத்தம் 1,250 வெள்ளி. மீதி 250. உடனே ஒருவன் மோட்டார் சைக்கிள் வாங்கினான். முன்பணம் போக அதன் மீதி விலை 5,400 வெள்ளி. தவணை மாதம் 135 வெள்ளி வீதம் 60 மாதங்கள். "பெருக்கிப் பார்" என்றோம். 8,100 வெள்ளி! மிகுதியாகச் செலுத்துவது மட்டும் 2,700 வெள்ளி. அத்துடன் நிற்காமல் புதிய கைப்பேசிக்கு மாதம் 120 வெள்ளித் தவணையும் எடுத்துக்கொண்டான். மாத முடிவில் 5 வெள்ளி பற்றாக்குறை.

"ஐந்து வெள்ளிதானே, ஐயா!" என்று சிரித்தனர். "அம்மாதத்தில் பல்வலி வந்தால்? டயர் வெடித்தால்? தங்கைக்குப் பள்ளிச் சப்பாத்து வேண்டுமென்று அம்மா அழைத்தால்?" என்று கேட்டோம். சிரிப்பு நின்றது. கடன் என்பது பெருஞ்செலவால் மட்டும் வருவதில்லை. ஐந்து வெள்ளிப் பற்றாக்குறை மாதந்தோறும் தொடர்வதாலும் வருகிறது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் முன்னோர் சொல்லிவைத்தது வீணன்று. வள்ளுவப் பெருந்தகையும் பொருள் செயல்வகை என்று ஓர் அதிகாரமே வகுத்துள்ளார்.

சேமிப்பின் ஆற்றலையும் கணக்கிட்டோம். வாரம் 5 வெள்ளி சேமித்தால் ஆண்டுக்கு 260 வெள்ளி. முதலாம் ஆண்டிலிருந்து ஐந்தாம் படிவம் முடியப் பதினோர் ஆண்டுகளில் 2,860 வெள்ளி. அந்த மாணவனுக்கு அன்று தேவைப்பட்டது ஈராயிரம் வெள்ளிதான். அவரே அன்றைய பட்டறைக்கு வந்து, இக்கணக்கைப் பலகையில் எழுதினார். தம் கதையைச் சொல்லவில்லை. எழுதிவிட்டு, "பிள்ளைகளே, வீட்டில் கேளுங்கள். கேட்காமல் முடிவு செய்யாதீர்கள்" என்று மட்டும் கூறி அமர்ந்தார்.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்

பெற்றோர்களே! "நம் கஷ்டம் பிள்ளைக்குத் தெரிய வேண்டாம்" என்று மறைக்கிறீர்கள். அஃது அன்பினால் விளைந்ததே. ஆனால் கணக்கறியாத பிள்ளை இரு வகையில் தவறக்கூடும். வீட்டில் பணம் கொட்டிக்கிடக்கிறது என்றெண்ணிக் கைப்பேசி கேட்பான். அல்லது ஒன்றுமே இல்லையென்று எண்ணித் தன் படிப்பைத் தானே விட்டுவிடுவான். முன்னவனைத் திருத்திவிடலாம். பின்னவன் வாய் திறப்பதில்லையாதலால் அவன் இழப்பு நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது. ஆகவே மாதம் ஒருமுறை, சம்பள நாளன்று, பிள்ளைகளை அருகில் அமர்த்திச் சம்பளச் சீட்டைப் படிக்கச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியவில்லையே என்று கூச வேண்டா. படித்துக் காட்டப் பிள்ளை இருக்கிறான். அதற்காகத்தானே பள்ளிக்கு அனுப்புகிறீர்கள்!

கூட்டுச் சீட்டை நம்பிப் பணம் போடுவோர் இன்றும் உளர். கூட்டு நடத்துவதைத் தொழிலாகக் கொள்வதற்கு 1971-ஆம் ஆண்டிலேயே தடைச் சட்டம் வந்துவிட்டது. பணம் போனால் மீட்பது அரிது. வட்டி முதலைகளிடம் சிக்கினாலோ வீட்டு நிம்மதியே போகும். வங்கிக் கடன்களைக் கட்ட இயலாது தவிப்போர்க்கு ஆலோசனை கூறவென 2006-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கடன் ஆலோசனை நிர்வாக நிறுவனமாகிய ஏ.கே.பி.கே. இலவசமாகவே உதவுகிறது.

தோட்டத் தொழிலாளரால் சேமிக்க இயலுமா என்று ஐயுறுவோர் நம் வரலாற்றைத் திரும்பிப் பார்க்கட்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம் மக்கள் வேலையும் வீடும் இழந்து நின்ற காலத்தில், 1960-ஆம் ஆண்டில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்களின் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பால் மரம் வெட்டிய கைகள் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்திய பணத்தால் அச்சங்கம் தோட்டங்களையே வாங்கியது. அன்று ஒரு தோட்டத்தை வாங்கிய சமுதாயம், இன்று ஒரு பிள்ளையின் முதற் பருவக் கட்டணத்தைச் சேர்க்க இயலாதா?

மாணவர்களுக்குப் பயிற்சி

1. வீட்டின் ஒரு மாத வரவு செலவைப் பெற்றோருடன் அமர்ந்து எழுதுக. அதனை வெளியில் எவரிடமும் கூறற்க. வீட்டுக் கணக்கைக் காப்பதும் ஒரு பண்பாகும்.

2. நீ விரும்பும் தொழில் எது? அதனைச் செய்யும் ஒருவரைக் கண்டு, மேற்கூறிய நான்கு வினாக்களையும் கேட்டு எழுதுக.

3. அத்தொழிலுக்குரிய படிப்பின் காலம், செலவு, அதற்கான பண வழி ஆகியவற்றைப் பட்டியலிடுக. ஒரு வழி அடைபட்டால் அடுத்த வழி எது என்பதையும் குறிப்பிடுக.

4. வாரம் ஒரு தொகையைச் சேமித்து, பதினோர் ஆண்டுகளில் எவ்வளவாகும் என்று கணக்கிடுக. கணக்கோடு நில்லாது இவ்வாரமே தொடங்குக.

வரும் ஆண்டிலும் பட்டறை நடைபெறும். உயர்கல்விக் கடிதம் எந்த வீட்டிற்கு வந்தாலும், முதலில் பள்ளிக்கு எடுத்து வாருங்கள். பணம் தர நம்மால் இயலாமற் போகலாம். வழி தேடித் தர இயலும். ஒரு முறை நாம் மௌனமாய் இருந்துவிட்டோம். இனியொரு முறை இரோம்.

கல்வி ஓங்குக! உழைப்போர் இல்லங்கள் உயர்க!