வாடகைக்கு விட முதல் வீடு

கைக்குழந்தை உள்ள குடும்பமா? ஆறு மாதச் செலவைத் தனியே ஒதுக்கிய பிறகே வீடு வாங்க முன்பணம் கொடுங்கள்.

பள்ளிபாளையத்தில் காவிரிக் கரையோர வீடு மலிவாகக் கிடைத்தால் அவசரப்பட வேண்டாம். 2022 ஆகஸ்டில் மேட்டூர் அணையின் உபரிநீர் வந்தபோது இங்கே கரையோர வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. தண்ணீர் சுவரில் எதுவரை ஏறியது என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள். விசைத்தறி ஓடும் தெருவென்றால் இரவில் ஒருமுறை போய் நின்று பாருங்கள். அந்தச் சத்தம் பழகியவர்களே அங்கே நிலைத்துக் குடியிருப்பார்கள்.

வாங்கும் முன் வில்லங்கச் சான்று கட்டாயம். வாடகைக்கு விடும்போது ஒப்பந்தத்தை எழுதி, 2017 வாடகைச் சட்டப்படி 90 நாளுக்குள் வாடகை அதிகாரியிடம் பதியுங்கள்.

கடன் தவணைக் கணக்கில் ஆண்டுக்குப் பத்து மாத வாடகையை மட்டும் எழுதுங்கள். வீடு காலியாகக் கிடக்கும் மாதமும் வெள்ளையடிப்பும் மீதியைத் தின்றுவிடும்.