மேசைக்கு வந்த மினி கணினி

கேள்வி: பிடிபி-11 மினி கணினியை மேசையில் வைக்கும் அளவுக்குச் சுருக்கி விற்றார்களாமே? பிறகு ஏன் நிலைக்கவில்லை?
– வாசகர், புறக்கோட்டை

பதில்: உண்மைதான். 1970இல் வந்த பிடிபி-11ஐ டிஜிட்டல் நிறுவனம் 1982இல் 'புரொபஷனல் 350' என்ற மேசைக் கணினியாக்கியது. அதன் அண்ணன் பிடிபி-8, 1977இலேயே 'விடி78' முனையத்துக்குள் அடங்கிவிட்டது. 350இன் பிளாப்பி டிரைவில் இரண்டு தட்டுகளுக்கும் ஒரே மோட்டார். இரண்டாவது தட்டைத் தலைகீழாகச் செருக வேண்டும். அருமையான வேலைப்பாடு! ஆனால், பழைய பிடிபி-11 மென்பொருள்கள் பல அதில் அப்படியே ஓடவில்லை. பழைய அட்டைகளும் பொருந்தவில்லை. 1981இல் வந்த ஐபிஎம் பிசிக்கோ அட்டையும் மென்பொருளும் யாரும் செய்யலாம். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பாகங்கள் வாங்கி நாமே கணினி பூட்ட முடிவது அந்தத் திறந்த வழியின் பலன்.