“கோர்ட் எதற்கு?” என்கிறான் மகன்

கேள்வி: கல்லூரியில் படிக்கும் என் மகன், “கோர்ட், அரசியல் சட்டம் என்று இழுத்தடிக்காமல் ஒரே ஆள் உத்தரவு போட்டால்தான் நாடு உருப்படும்” என்கிறான். எமர்ஜென்சியில் ரயில் நேரத்துக்கு ஓடியதாம். ஏதோ வீடியோவில் பார்த்திருக்கிறான். என் சித்தப்பா மிசா சட்டத்தில் உள்ளே இருந்தவர். அதைச் சொன்னால் “பழைய கதை” என்று எழுந்து போய்விடுகிறான். நான் வீணாகப் பயப்படுகிறேனா?
– எஸ்.ஆர்., சாந்தோம்

பதில்: உங்கள் பயம் வீண் இல்லை, அம்மா. ஆனால் மகனை நினைத்து இவ்வளவு கலங்கவும் வேண்டாம். அந்த வயதில் எதற்கும் உடனே தீர்வு வேண்டும் என்றுதான் தோன்றும். ஒரு சொத்து வழக்கு அப்பா காலத்தில் தொடங்கிப் பிள்ளை காலத்திலும் முடியாமல் கிடப்பதைப் பார்த்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதை ஒப்புக்கொண்டு பேச்சைத் தொடங்குங்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பல பிள்ளைகளுக்குச் சரித்திரம் 1947 ஆகஸ்ட் 15-ஓடு முடிந்துவிடுகிறது. அரசின் கையைக் கட்டும் விதிகளோ, எதனால் எழுதப்பட்டன என்று தெரியாதவர்களுக்கு வெறும் முட்டுக்கட்டைகள்.

அரசியல் சட்டத்தின் 352-ஆவது பிரிவைப் பாருங்கள். அமைச்சரவையின் முடிவை எழுத்து மூலம் தெரிவித்த பிறகுதான் குடியரசுத் தலைவர் நெருக்கடி நிலையை (எமர்ஜென்சியை) அறிவிக்கலாம் என்கிறது. படித்தால் ஏதோ ஆபீஸ் நடைமுறை மாதிரிதான் இருக்கும். 1975 ஜூன் 25 இரவு நடந்தது தெரிந்தவருக்கு அப்படி இருக்காது. அன்று பிரதமர் இந்திரா காந்தி அமைச்சரவையைக் கூட்டவில்லை. அவர் ஆலோசனையின் பேரில் குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது கையெழுத்திட்டார். அமைச்சர்களுக்கு மறுநாள் விடியற்காலையில்தான் விஷயம் தெரிந்தது. அதற்குள் ஜெயப்பிரகாஷ் நாராயண் உள்படப் பல தலைவர்கள் கைதாகிவிட்டார்கள். அந்த ஓர் இரவுக்குப் பதிலாகத்தான் 1978-இல் 44-ஆவது திருத்தம் அந்த வரியைச் சேர்த்தது.

அதே திருத்தம் இன்னொன்றும் செய்தது: நெருக்கடி நிலையிலும் 21-ஆவது பிரிவை (உயிர், தனிமனித சுதந்திரம் பற்றியது) முடக்க முடியாது. காரணம், 1976 ஏப்ரல் 28-இல் வந்த ஜபல்பூர் வழக்குத் தீர்ப்பு. மிசாவில் (உள்நாட்டுப் பாதுகாப்புப் பராமரிப்புச் சட்டம்) பிடிபட்டவர்கள் ஆட்கொணர்வு மனு (காவலில் இருப்பவரை நீதிபதி முன் கொண்டுவரக் கோரும் மனு) போடலாமா என்பது கேள்வி. ஒன்பது உயர் நீதிமன்றங்கள் போடலாம் என்றிருந்தன. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி எச்.ஆர். கன்னா அரசு வழக்கறிஞரைக் கேட்டார்: சொந்தப் பகைக்காக ஒரு போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றுவிட்டால்கூடப் பரிகாரம் இல்லையா? நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்பதுதான் பதிலின் சாரம். ஐந்து நீதிபதிகளில் நால்வர் அரசின் பக்கம் போனார்கள்; கன்னா மட்டும் மறுத்தார். தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டி இன்னொருவருக்குப் போயிற்று. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே தவறு என்று 2017-இல்தான் தள்ளியது.

இங்கே சென்னையில் என்ன நடந்தது என்பது உங்கள் குடும்பத்துக்கே தெரியும். 1976 ஜனவரி 31-இல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது, மிசா கைதிகளால் மத்திய சிறை நிரம்பியது. அங்கே அடிபட்டவர்களில் ஒருவரான முன்னாள் மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் காலமானார். பிறகு நீதிபதி இஸ்மாயில் ஆணையம் அந்தச் சிறைக் கொடுமைகளை விசாரித்தது. ரயில் நேரத்துக்கு ஓடியிருக்கலாம். சிறைக்குள் இருந்தவருக்கு அதனால் என்ன லாபம்?

சரி, செய்ய வேண்டியது என்ன? உபதேசம் வேண்டாம், அதைத் தட்டிக்கழிப்பதில் உங்கள் மகன் ஏற்கெனவே தேறிவிட்டார். சித்தப்பா இருக்கிறார் என்றால் அவரையே பேச விடுங்கள்: எத்தனை மணிக்கு வந்தார்கள், காரணம் சொன்னார்களா, வீட்டுக்கு எப்போது தகவல் வந்தது என்று. அவர் இல்லையென்றால், வீட்டில் காவல் உத்தரவோ சிறைக் கடிதமோ இருக்கிறதா என்று தேடுங்கள். அடுத்து, 352, 359 (நெருக்கடி நிலையில் உரிமைகளை முடக்குவது பற்றியது) ஆகிய இரண்டு பிரிவுகளை மட்டும், 1978-க்கு முன்னும் பின்னும் எப்படி இருந்தன என்று அருகருகே வைத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேர வேலை. ஆர்வம் வந்தால் தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் அக்காலப் பத்திரிகைகளைப் புரட்டலாம். தணிக்கையால் எது அச்சாகவில்லை என்று பார்ப்பதும் ஒரு பாடம்தான்.

இதை ஒரு கட்சியின் பாவமாக மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை கெட்டிக்காரன், பிடித்துக்கொள்வான். விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்க இடம் தரும் குண்டர் சட்டம் 1982-இல் எம்.ஜி.ஆர். காலத்தில் வந்தது. பிறகு வந்த எந்த ஆட்சியும் அதைக் கைவிடவில்லை. உயர் நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனுக்கள் இன்றும் வந்தபடி இருக்கின்றன. அதைப் பற்றி மகன் ஏதாவது கேட்டால் எழுதுங்கள், விரிவாகச் சொல்கிறேன்.