கொல்லைப்புறக் குடிலில் மீனும் கீரையும்

மேட்டூர் அணை ஜூன் 12ஆம் நாள் திறக்கப்பட்டு ஜனவரி 28ஆம் நாள் மூடப்படுவது காவிரிப் பாசனப் பகுதியின் வழக்கம். அணை மூடியபின் வாய்க்கால்கள் வறண்டுவிடும். சம்பா, தாளடி அறுவடை முடிந்த வயலில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டு உளுந்தும் பயறும் மட்டுமே விளையும். வீட்டுக்கு வேண்டிய கீரையையும் மீனையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியுள்ளது. மனைக்கட்டு மட்டுமே உள்ள குடும்பங்களுக்கு ஆண்டு முழுவதும் இதே நிலைதான்.

12 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள இடம், மின் இணைப்பு, நல்ல தண்ணீர் ஆகிய மூன்றும் இருந்தால் மீனையும் கீரையையும் ஒரே தண்ணீரில் வளர்க்கலாம். அக்குவாபோனிக்ஸ் எனப்படும் இம்முறையில் தண்ணீர் வெளியேற்றப்படுவதில்லை. ஆவியாகியும் பயிரால் உறிஞ்சப்பட்டும் குறையும் தண்ணீரை, நாளொன்றுக்கு ஒன்று அல்லது இரண்டு குடம் ஊற்றி ஈடுசெய்தால் போதும். ஆனால் திட்டமிடாமல் தொட்டி கட்டியவர்கள் ஒரே இரவில் எல்லா மீன்களையும் இழக்க நேரிடும். ஆகவே கட்டுவதற்கு முன் கணக்கு முக்கியம்.

செயல்படும் விதம்

மீன் உண்ட தீவனத்திலுள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி, செவுள் வழியே அம்மோனியாவாக நீரில் கலக்கிறது. இது மீனுக்கு நஞ்சு. ஜல்லிக் கற்களின்மேல் படிந்து வாழும் ஒருவகை பாக்டீரியா இதனை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதனை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நைட்ரைட்டும் மீனுக்குத் தீங்கானது. நைட்ரேட்டோ பயிர் விரும்பி எடுக்கும் தழைச்சத்து. நாம் கட்டுவது மீன் தொட்டியும் கீரைப் பாத்தியும் என்றாலும், இரண்டையும் இணைப்பவை கண்ணுக்குத் தெரியாத இந்தப் பாக்டீரியாக்களே. இவற்றுக்கு ஈரமும் காற்றும் இடைவிடாமல் கிடைக்க வேண்டும்.

தீவனமே கணக்கின் அடிப்படை

பாத்தியின் பரப்பு, தொட்டியின் அளவைப் பொறுத்ததன்று. நாள்தோறும் இடும் தீவனத்தைப் பொறுத்தது. கீரை வகைகளுக்கு ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்பது ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனம் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட கையேட்டின் பரிந்துரை.

தனி வடிகட்டி இல்லாமல் ஜல்லிப் பாத்தியையே வடிகட்டியாகக் கொள்ளும்போது, 1000 லிட்டர் நீருக்கு 15 கிலோ மீனுக்கு மேல் இருத்தல் கூடாது. அதாவது அரைக் கிலோ எடைக்கு வளரும் 30 மீன்கள். வளர்ந்த மீனுக்கு அதன் எடையில் 1 சதவீதம் தீவனம் என்றால் நாளொன்றுக்கு 150 கிராம். இதற்கு 3 சதுர மீட்டர் பாத்தி பொருத்தமானது.

தொடக்கத்தில் 50 கிராம் எடையுள்ள 30 குஞ்சுகளின் மொத்த எடை ஒன்றரைக் கிலோதான். 4 சதவீத அளவில் 60 கிராம் தீவனமே செல்லும். அப்போது ஒரு பாத்தியில் மட்டும் நடவேண்டும். தீவனம் 75 கிராமைத் தாண்டியபின் இரண்டாவது பாத்தியில் நடலாம். முதல் நாளே இரண்டு பாத்தியிலும் நட்டால் கீரை வெளுத்துப் போகும்.

குடில் அமைப்பு

குளிர் நாடுகளில் பசுமைக்குடிலின் வேலை வெப்பத்தைச் சேமிப்பது. அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நியூ ஆல்கெமி நிறுவனம், கண்ணாடி போன்ற மீன் தொட்டிகளைக் குடிலுக்குள் வைத்துப் பகல் வெப்பத்தை இரவுக்குச் சேமித்தது. தஞ்சைப் பகுதியின் தேவை இதற்கு நேர்மாறானது. நாற்புறமும் மூடிய குடில் சித்திரை, வைகாசியில் அடுப்பாகிவிடும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் 9 மில்லிகிராம் அளவுக்குப் பிராணவாயுவைத் தாங்கும். 32 டிகிரியில் 7 மில்லிகிராமுக்குச் சற்று மேல் மட்டுமே தாங்கும். மீனுக்கோ 5 மில்லிகிராம் தேவை. எனவே இங்கு குடில் என்பது நிழலுக்கும் மழைத் தடுப்புக்குமே.

இரும்புக் குழாய்ச் சட்டத்தின்மேல் 50 சதவீத நிழல்வலை கட்டி, பக்கங்களில் பூச்சித்தடுப்பு வலை அமைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு மட்டும் கூரைமேல் பாலித்தீன் விரிக்கலாம். புயல் எச்சரிக்கை வந்ததும் அவிழ்த்துவிடத் தக்கவாறு அது கட்டப்பட வேண்டும். தொட்டியின்மேல் வெயில் விழாதவாறும், பாத்திகளுக்குக் காலை வெயில் கிடைக்குமாறும் அமைத்தல் நலம்.

தொட்டியும் பாத்தியும்

மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு மேல், ஒன்றரை அடி உயர மேடு அமைத்து நன்கு இறுகச் செய்ய வேண்டும். நம் களிமண் வெயிலில் வெடித்தும் மழையில் உப்பியும் சுவரைப் பிளக்கும். ஆதலால் அடித்தளத்தில் அரை அடி மணலும் சரளையும் இடுதல் அவசியம்.

கிணற்றுக்கு இறக்கும் 4 அடி விட்டமும் ஓரடி உயரமும் உள்ள சிமெண்ட் உறைகள் மூன்றை அடுக்கி, அடியில் தளமிட்டுப் பூசினால் தொட்டி தயார். முதல் உறையை மேட்டில் புதைத்துவிடலாம். விளிம்புக்கு மூன்று அங்குலம் கீழே வரை நிரப்பினால் ஏறத்தாழ 1000 லிட்டர் கொள்ளும். புதுச் சிமெண்ட் நீரைக் காரமாக்கும். வாழைத்தண்டுத் துண்டுகளை இட்டு ஊறவைத்து, இரண்டு மூன்று முறை நீர் மாற்றி, கார அமில நிலை 7.5க்குக் கீழ் வந்தபின்பே பயன்படுத்த வேண்டும். மேலே வலை மூடுதல் கட்டாயம். மீன் துள்ளி விழும்.

பாத்திகள் இரண்டு. ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 30 செ.மீ. ஆழம். பாத்தியின் அடிமட்டம் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேல் இருந்தால்தான் நீர் தானே தொட்டிக்குத் திரும்பும். செங்கல் சுவருக்குள் மணல் நிரப்பி, அதன்மேல் பாத்தி கட்டித் தடித்த பாலித்தீன் விரிக்கலாம். ஒரு பாத்திக்கான ஜல்லியே ஏழு குவிண்டால் எடை இருக்கும். மூங்கில் பரண் இதனைத் தாங்காது.

முக்கால் அங்குலக் கருங்கல் ஜல்லி ஏற்றது. வாங்குமுன் சில கற்களின்மேல் எலுமிச்சைச் சாறு ஊற்றிப் பார்க்கவும். நுரைத்தால் அது சுண்ணாம்புக் கல், தள்ளிவிடவும்.

மணிக்கு 1500 லிட்டர் நீரை 1 மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் சிறு நீர்மூழ்கி மோட்டார் போதும். பாத்தி நிரம்பி வடிவதற்கு ஓர் எளிய வழி உண்டு. பாத்தியின் அடி வழியே 22 செ.மீ. உயரமுள்ள ஓரங்குலக் குழாயை நிறுத்தி, அதன்மேல் வாய் மூடிய இரண்டரை அங்குலக் குழாயைக் கவிழ்க்க வேண்டும். கவிழ்த்த குழாயின் அடியில் பிளவுகள் இடவேண்டும். சுற்றிலும் ஜல்லி புகாதபடி துளையிட்ட அகலக் குழாய் ஒன்றை வைக்கவும். நீர் 22 செ.மீ. எட்டியதும் உறிஞ்சு விசையால் வடியும். அடியில் காற்று புகுந்ததும் வடிதல் நின்று மீண்டும் நிரம்பும். ஒவ்வொரு முறை வடியும்போதும் வேருக்குப் புதுக் காற்று கிடைக்கிறது.

தண்ணீர்

நீர் ஆவியாகும்போது உப்பு தங்கிவிடுகிறது. எனவே சிறிது உப்பான நீரும் சில மாதங்களில் பயிரைக் கருக்கும். வேதாரண்யம், தலைஞாயிறு போன்ற கடலோரப் பகுதிகளில் கூரை மழைநீரைச் சேமித்துப் பயன்படுத்துவதே நலம். குழாய்க் கிணற்று நீரைத் தஞ்சாவூர் காட்டுத்தோட்டம் மண் மற்றும் நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் ஆய்வு செய்து கொள்ளலாம். குளோரின் கலந்த குடிநீரை இரண்டு நாள் திறந்து வைத்துக் காற்றூட்டியபின் ஊற்றவும்.

மீன் விடுமுன் காத்திருத்தல்

பலர் தவறுவது இங்குதான். தொட்டி நிரப்பிய மறுநாளே குஞ்சு விட்டால் அம்மோனியா பெருகி மீன் மடியும். மீன் இல்லாமலே மோட்டாரை ஓட்டி, நாள்தோறும் 10 கிராம் தீவனம் இட்டு வரவேண்டும். சோதனைப் பெட்டி கொண்டு பார்த்தால் முதலில் அம்மோனியா உயரும். பின்பு அது குறைந்து நைட்ரைட் உயரும். கடைசியில் இரண்டும் குறைந்து நைட்ரேட் தெரியும். நம் வெப்பநிலையில் இதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் லிட்டருக்கு அரை மில்லிகிராமுக்குக் கீழ் நின்றபின் குஞ்சு விடலாம்.

மீன் வகை

நெருக்கத்தையும் வெப்பத்தையும் தாங்குவதில் கிப்ட் திலேப்பியா சிறந்தது. ஆறு முதல் எட்டு மாதத்தில் அரைக் கிலோ எட்டும். ஆனால் மீன்வளத் துறையிடம் அனுமதி பற்றிக் கேட்டறிந்த பின்பே வளர்க்க வேண்டும். 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலேப்பியா, நாம் ஜிலேபிக் கெண்டை என்பது, குளங்களில் தானே பெருகி நாட்டு மீன்களை நெருக்கிய கதையை அறிவோம். நம் கொல்லை வடிகால் ஆற்றில்தான் சேர்கிறது.

விரால் காற்றையும் சுவாசிக்கும், மின்தடையைத் தாங்கும். ஆயினும் சிறியதைப் பெரியது விழுங்கும் என்பதால் அளவு பார்த்துப் பிரிக்க வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி தடை செய்யப்பட்டது; அதனை வளர்த்தல் கூடாது.

பயிரும் பாதுகாப்பும்

முளைக்கீரை, அரைக்கீரை, பொன்னாங்கண்ணி, வல்லாரை, புதினா நன்கு வளரும். இளம் இலை நரம்பிடையில் மஞ்சளானால் இரும்புச்சத்துக் குறைவு. லிட்டர் நீருக்கு 2 மில்லிகிராம் இரும்பு சேருமாறு கொடுக்கிணைப்பு இரும்பு உரத்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை இடலாம். கார அமில நிலை நாளடைவில் இறங்கும். 6.5க்குக் கீழ் வந்தால் நீற்றிய சுண்ணாம்புத் தெளிநீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து 7க்குக் கொண்டுவரவும்.

பூச்சிக்கொல்லி எதுவும் கூடாது. வேப்பெண்ணெய்க் கரைசலும் மீனுக்குத் தீங்கு செய்யும். மஞ்சள் ஒட்டுப்பொறி, கையால் பொறுக்குதல், நீர் பீய்ச்சுதல் போதும். அருகிலுள்ள நெல் வயலில் மருந்தடிக்கும் நாளில் தொட்டியையும் பாத்தியையும் பாலித்தீனால் மூடிவைக்கவும்.

மின்தடையும் புயலும்

முழு வளர்ச்சியில் உள்ள மீன்கள், கோடை இரவில் காற்றூட்டம் நின்றால் ஓரிரு மணி நேரத்திலேயே மேலே வந்து வாய் பிளக்கும். 12 வோல்ட் பேட்டரியில் இயங்கும் காற்றூட்டி கட்டாயம் வேண்டும். 40 ஆம்பியர்-மணி பேட்டரி, பாதி மின்சாரத்தைக் கொண்டே 12 வாட் காற்றூட்டியை 20 மணி நேரம் ஓட்டும். மின்சாரம் இல்லாதபோது தீவனம் இடாதீர்கள்.

2018 நவம்பர் 16ஆம் நாள் வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலுக்குப் பின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. எந்தப் பேட்டரியும் அதற்கு ஈடாகாது. எனவே பருவத்தையே மாற்றிக் கொள்வது அறிவுடைமை. மார்கழியில் தொட்டியைத் தயார் செய்து, தை கடைசியில் 50 கிராம் குஞ்சு விட்டு, புரட்டாசிக்குள் மீனைப் பிடித்துவிட வேண்டும். மழை மாதங்களில் பாக்டீரியா அழியாதிருக்க நாலைந்து சிறு மீன்களும் ஒரு பாத்திக் கீரையும் போதும்.

வரவு செலவு

ஒரு பருவத்துக்கு ஏறத்தாழ 20 கிலோ தீவனம் செல்லும். மோட்டாரும் காற்றூட்டியும் சேர்ந்து 60 வாட் எனில், மாதம் 43 யூனிட் மின்சாரம் ஆகும். கிடைப்பது 15 கிலோவுக்குச் சற்றுக் குறைவான மீன். சதுர மீட்டருக்கு ஓர் அறுப்பில் ஒரு கிலோ அளவில் கீரை. உள்ளூர் விலையைப் போட்டுப் பார்த்தால் இது வீட்டுத் தேவைக்கானது, வயலுக்கு மாற்றன்று என்பது விளங்கும். சொந்தக் குளமோ நல்ல வாய்க்கால் பாசனமோ உள்ளவர்கள் அதில் மீன் விடுவதே மலிவு. மனைக்கட்டும் குறைந்த நீரும் மட்டுமே உள்ளவர்களுக்கே இம்முறை உகந்தது.

விருப்பமுள்ள உழவர் இல்லங்கள், நீடாமங்கலம் அல்லது சிக்கல் வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி ஆலோசனை பெற்றபின், முதலில் ஒரு தொட்டியோடு தொடங்கலாம். ஒரு பருவம் மீன் சாகாமல் காத்தவர், அடுத்த பருவத்தில் இரண்டாவது தொட்டி கட்டலாம்.